அண்ணிக்குப் பதிலாக எக்ஸ்ரேக்கு வந்தவள்

1. கழுத்துச் சங்கிலி

அந்தப் பெண் தாலிச் சங்கிலியைத் தலைவழியாக உருவி ட்ரேயில் போட்ட வேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. இருந்தால் படத்தில் வெள்ளையாக விழுந்து நுரையீரலை மறைக்கும். பாம்பே செம்பூரில் ஒரு டயக்னாஸ்டிக் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, தமிழ்ப் பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோயிருக்கிறது. யாரும் சட்டென்று கழற்ற மாட்டார்கள். சிலர் மஞ்சள் கயிறு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சங்கிலியை எடுப்பார்கள். சிலர் பல்லில் கடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கருகமணி போட்ட பெண்களும் அப்படித்தான். இவளோ காலேஜ் ஐடி கார்டைக் கழற்றுவதுபோலக் கழற்றிப் போட்டுவிட்டு, "அப்புறம் என்ன மேடம்?" என்றாள்.

அவள் வந்தது இமிக்ரேஷன் மெடிக்கலுக்கு. கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வைத்திருக்கும் புருஷன் இங்கே இருக்கும் மனைவியை ஸ்பான்சர் செய்து வரவழைக்கலாம். அந்த ஃபைல் நகரும் பாதையில் ஒரு கட்டம் இந்த மெடிக்கல். எந்த டாக்டரிடமும் போய் எடுத்துவிட முடியாது. அந்த நாட்டுக்காரர்கள் அனுமதி கொடுத்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். எங்கள் சென்டரின் டாக்டர் மேடத்துக்கு அந்த அனுமதி இருந்தது. எக்ஸ்ரேயில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது டிபி.

பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். பெயர் இசக்கியம்மாள். வயது இருபத்தாறு. போட்டோவில் இருந்த முகமும் எதிரே நின்ற முகமும் வேறு என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒன்று என்றும் சொல்ல முடியாது. பாஸ்போர்ட் போட்டோவில் யார்தான் யார் மாதிரி இருக்கிறார்கள்? பிறந்த தேதி கேட்டேன். சரியாகச் சொன்னாள். அப்பா பெயரும் சரியாகச் சொன்னாள். பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தோன்றியது. ஸ்டாண்டில் அவள் மோவாயைத் தூக்கிவைத்து, தோளை முன்னால் தள்ளிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"வீட்டுக்காரருக்கு அங்க என்ன வேலை?"

"முருகேஷ் அண்ணன் லாரி மெக்கானிக்."

சொன்னவள் அப்படியே உறைந்துபோனாள். நானும் கையை எடுத்துவிட்டேன். கட்டின புருஷனை அண்ணன் என்று சொல்லும் பெண்ணை நான் எங்கேயும் கண்டதில்லை.

"சங்கிலிய எடுத்துப் போட்டுக்க. யாரு நீ?"

அழுதுவிட்டாள். பெயர் கவிதா. முருகேஷின் தங்கை. இசக்கிக்கு நாத்தனார்.

"அப்பாதான் மேடம் போகச் சொன்னாங்க. ஏஜென்ட் அங்கிள் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு. அண்ணிக்கு டிபி இருந்துச்சு. எக்ஸ்ரேல தெரிஞ்சா ரிஜெக்ட் ஆயிடுமாம்."

"ஒங்க அண்ணி எங்க?"

"கீழ. கரும்பு ஜூஸ் கடைகிட்ட நிக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆள் மாறாட்டம் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்குத் தெரியுமா? ஃபைலை மூடிவிடுவார்கள். பொய் சொன்னதாகப் பதிவாகி, பல வருடங்களுக்குத் திரும்ப அப்ளை பண்ண முடியாது. தண்டனை யாருக்கு? பாஸ்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவளுக்கு. மாமனாருக்கும் இல்லை, ஏஜென்ட்டுக்கும் இல்லை.

2. கீழே நின்றவள்

அப்போதெல்லாம் எங்கள் சென்டரில் விண்ணப்பதாரரின் போட்டோவை எக்ஸ்ரேக்குப் பிறகுதான் எடுப்போம். (அந்த நாளுக்குப் பிறகு முறையை மாற்றிவிட்டோம்.) அதனால் கவிதாவின் முகம் எங்கேயும் பதிவாகவில்லை. படமும் எடுக்கவில்லை. நடந்ததை டாக்டர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் மராத்திக்காரர், கண்டிப்பானவர். கவிதாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்தி கிஸ்கா ஹை?" என்று என்னிடம் கேட்டார். யார் செய்த தப்பு இது என்று. நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார், "பேலே உஸ் லட்கி கோ புலாவ்." முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிடு.

இசக்கி படியேறி வந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அம்மா ரெடிமேட் துணிப் பட்டறையில் நூல் வெட்டும் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் முருகேஷோடு அவள் இருந்தது அவன் லீவில் வந்த நாட்கள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் செம்பூரில் மாமனார் வீட்டில். அறைக்குள் வந்ததும் நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றாள். அந்த வீட்டில் அவளை எங்கே நிற்கவைத்துப் பழக்கியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

மேடம் அவளை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டார். மேடத்துக்குத் தமிழ் தெரியாது என்பதால் நான் கூட இருந்தேன். இசக்கிக்கு ஹிந்தி நன்றாக வரும். இருந்தாலும் அன்றைக்கு அவள் வாயில் தமிழ்தான் வந்தது.

"பத்தொம்பது வயசுல வந்துச்சுக்கா. முனிசிபாலிட்டி தவாகானாவுல ஆறு மாசம் மாத்திர தின்னேன். ஒரு நாள்கூட விடல. மூத்திரம் செவப்பாப் போவும், வயித்தப் பொரட்டும், அப்பவும் விடல. சரியாயிட்டுன்னு எழுதியும் குடுத்தாக."

"கல்யாணத்துக்கு முன்னால சொன்னியா?"

"அவுகட்ட சொன்னேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்துல வச்சுச் சொன்னேன். 'அதான் சரியாயிட்டுல்லா'ன்னுட்டாக. அவுக வீட்ல சொல்லலன்னு எனக்குத் தெரியாது. மெடிக்கல் பாரத்துல கேட்டிருந்துச்சு, நான் ஆமான்னு எழுதப் போனேன். அப்பத்தான் மாமாவுக்குத் தெரிஞ்சுது."

மேடம் தலையாட்டினார். "எக்ஸ்ரே நிகாலோ."

எடுத்தேன். தாலியைக் கழற்றும் முன் இசக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் எப்போதும் டிராயரில் வைத்திருக்கும் மஞ்சள் நூலைக் கொடுத்தேன். திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் உச்சியில் சின்ன வடு. ஆறிப்போன வடு. முழங்காலில் சின்ன வயசில் விழுந்த தழும்பு இருக்குமே, அதைப் போல.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வடுவை வைத்து யாரையும் ரிஜெக்ட் பண்ணுவதில்லை. இப்போது கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்வார்கள். அடுத்தடுத்த மூன்று காலைகளில் சளி கொடுக்க வேண்டும். அதை லேபில் கல்ச்சர் போடுவார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். வளராவிட்டால் மெடிக்கல் பாஸ். இவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டு மாதத்தைப் பொறுக்க முடியாமல்தான் ஒரு பெண்ணைத் திருடியாக்கப் பார்த்தார்கள்.

அவள் வெளியே போனதும் எங்கள் ரிசப்ஷனில் இருந்த ஆள் சானிடைசரை எடுத்துக்கொண்டு போய் அவள் கைவைத்திருந்த கவுண்டரைத் துடைத்தான். அன்றைக்கு என் வாயில் மாட்டியவன் அவன். "நீ தினமும் எட்டு மணி லோக்கல் ட்ரெயின்ல தொங்கிக்கிட்டு வர்றியே, அந்தப் பெட்டியத் தொடச்சிட்டா ஏறுற?" என்று கேட்டேன். அப்புறம் ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

3. 'நாங்க வீட்டுக்காரங்க'

மறுநாள் மாமனார் வந்தார். பெயர் தங்கவேல். செம்பூரில் ஹார்டுவேர் கடை. கூடவே மாட்டுங்காவில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட்டும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் லெதர் ஃபோல்டர்.

மாமனார் நேராகக் கேட்டார். "எக்ஸ்ரே ரிப்போர்ட்ட குடும்மா."

"விண்ணப்பிச்சவங்க கேட்டாத்தான் குடுப்போம்."

"நான் அவளுக்கு மாமனாரு. நாங்க வீட்டுக்காரங்க."

"ஒடம்பு அவங்களுது."

ஏஜென்ட் குறுக்கே வந்தார். "மேடம், நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க? பாம்பேல யாருக்குத்தான் டிபி வரலை? எல்லாருக்கும் தெரியும். ஆனா ஃபைல்ல வரக் கூடாது. நான் எத்தனை ஃபைல் பார்த்திருக்கேன். அந்த நாத்தனார் பொண்ணு கொஞ்சம் ஸ்மார்ட்டா இருந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்."

இதை எங்கள் சென்டரிலேயே நின்று சொல்கிறார்! திருட வந்தவன், வீட்டுக்காரனிடமே பூட்டு சரியில்லை என்று குறை சொல்வதுபோல. டாக்டர் மேடத்தைக் கூப்பிடட்டுமா, ஹை கமிஷனுக்கு உங்கள் பெயரோடு எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஃபோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

மாமனார் நகரவில்லை. "எம் பையன் ஒரு கையெழுத்துப் போட்டா போதும். ஸ்பான்சர வாபஸ் வாங்கிருவான். நோயாளியக் கூட்டிக்கிட்டுப் போயி அவன் அங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையணுமா?"

"அவங்க நோயாளி இல்ல."

"அப்புறம் ஏன் சளி கேக்கீங்க?"

கிருமி இல்லை என்று நிரூபிக்கத்தான் கேட்கிறோம் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அந்த மனிதர் காதில் ஏறவில்லை. ஏறக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

முதல் நாள் சளி கொடுக்க வந்தபோது இசக்கி சொன்னாள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார்களாம். முந்தின நாள் வரை அந்த வீட்டுக்கே சமைத்துப் போட்டது அவள் கைதான். மாமியார் அவள் போர்வையை வெளியே பால்கனியில் தூக்கிப் போட்டிருக்கிறாள். இரண்டாம் நாள் அவள் செம்பூரிலிருந்து வரவில்லை, தாராவியிலிருந்து வந்தாள். அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த போனாம்.

"அவுக என்னைய வேண்டாம்னு சொல்லிட்டாகளாம்க்கா. மாமா சொன்னாக."

"நீ கேட்டியா?"

"எந்தப் போன்ல கேக்க? அம்மை போனுக்கு அவுக நம்பர்லேருந்து கூப்புட்டாக. கல்யாணத்தத் தீத்துவிடத்தான் கூப்புடுதாகன்னு அம்மை பயந்துகிட்டு எடுக்கல. இப்ப அணைச்சே வச்சிட்டா."

டப்பாவில் பெயர் ஒட்டி லேபுக்கு அனுப்பினேன்.

4. மொட்டைமாடி

சளி எடுப்பதை எங்கள் சென்டரில் மொட்டைமாடியில் வைத்திருந்தோம். காற்றோட்டமான இடம், வெயில் விழும், மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. மூன்றாம் நாள் காலை இசக்கியை மேலே அனுப்பிவிட்டு நான் கீழே அடுத்த ஆளை ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டிருந்தேன். ரிசப்ஷனில் இருந்து கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக் கால், தமிழில் பேசுகிறார் என்றார்கள்.

"மேடம், நான் முருகேஷ் பேசுதேன். அப்பாயின்ட்மென்ட் பேப்பர்ல இந்த நம்பர் இருந்துச்சு. இசக்கியம்மாள்னு ஒரு பேஷன்ட். அவளுக்கு என்ன மேடம்?"

"அத நான் சொல்லக் கூடாது தம்பி. உங்க மனைவிகிட்டதான் கேக்கணும்."

"அவளப் பிடிக்கவே முடியல மேடம். எங்கப்பா சொல்லுதாரு, அவ வர மாட்டேன்னு சொல்லிட்டு அம்மை வீட்டுக்குப் போயிட்டாளாம். நோய மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டான்னு சொல்லுதாரு. அவ எங்கிட்ட மறைக்கல மேடம். அத நான் சொன்னா எங்கப்பா கேக்க மாட்டேங்காரு. ஏஜென்ட் ஒரு லெட்டர் அனுப்பியிருக்கான், ஸ்பான்சர வாபஸ் வாங்க. கையெழுத்துப் போடச் சொல்லி தெனம் மெசேஜ். என்ன செய்யன்னு தெரியல. ஒருவேள அவளே வேண்டாம்னு சொல்லியிருந்தா..."

என் மொபைல் நம்பரைக் கொடுத்து அதில் கூப்பிடச் சொன்னேன். ஸ்டாண்டில் நின்ற ஆளிடம், "தோ மினிட் பாய்சாப், மூச்ச விட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினேன். என் முட்டிவலிக்கு அது பெரிய ஓட்டம்தான்.

இசக்கி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, சளி வராமல் நின்றிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றேன். தள்ளி நின்றாலும் காதில் விழத்தான் செய்தது.

"இசக்கி."

அவள் டப்பாவைப் பிடித்தபடி போன் பக்கம் ஓரடி வந்தாள்.

"இசக்கி, நீ வர மாட்டேன்னு சொன்னியாட்டி?"

"நான் எப்பச் சொன்னேன்? யார்ட்டச் சொன்னேன்?" அந்தச் சத்தம் எதிர்க் கட்டிடம் வரைக்கும் கேட்டிருக்கும். "நீங்க என்னைய வேண்டாம்னீகளாம்லா?"

"ஒன் சத்தியமா இல்லட்டி."

அப்புறம் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துப் பேசினார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த நாளில் சொன்னார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க நடந்தது என்ன என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. இவளிடம் 'அவன் வேண்டாம் என்கிறான்'. அவனிடம் 'அவள் வர மாட்டேன் என்கிறாள்'. நடுவில் இருந்து இரண்டையும் சொன்னது ஒரே வாய். இசக்கிக்கு அழுகை வந்தது, அழுகையோடு இருமலும் வந்தது.

"செத்த இருங்க. போன வச்சிராதீக. நான் இப்பத் துப்பணும்" என்றாள்.

"துப்பு துப்பு. நான் இருக்கேன்."

அவள் நன்றாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி, டப்பாவில் துப்பி மூடினாள். அவன் அந்தப் பக்கம் சத்தம் காட்டாமல் காத்திருந்தான். பிறகு, "வந்துச்சா?" என்று கேட்டான். "வந்துச்சு" என்றாள். அந்தச் சென்டரில் எத்தனையோ கல்யாண ஃபைல்களைப் பார்த்தவள் நான். மாலையும் கேக்கும் கட்டிப்பிடிப்புமாகப் போட்டோ ஆல்பம் ஆல்பமாகக் கொண்டுவருவார்கள், உண்மையான கல்யாணம்தான் என்று காட்ட. அந்த மொட்டைமாடியில் கேட்டதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை எந்த ஃபைலில் வைப்பது?

முருகேஷ் அந்த லெட்டரில் கையெழுத்துப் போடவில்லை. ஏஜென்ட்டை விலக்கிவிட்டு ஃபைலைத் தானே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தான். தாராவியில் இசக்கியின் அம்மா வீட்டுக்குப் புதுப் போன் ஒன்று கூரியரில் வந்தது.

5. சிடி

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அந்த இரண்டு மாதமும் இசக்கி அம்மாவோடு பட்டறைக்குப் போய் நூல் வெட்டினாள். ரிசல்ட் அனுப்பிய பிறகும் ஃபைல் தன் பாட்டுக்கு ஊர்ந்து, கடைசியில் விசா வந்தது. அங்கே போனதும் ஒரு தடவை மறுபடி நெஞ்சைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். அதற்காகப் பழைய எக்ஸ்ரேயை சிடியில் வாங்கிக்கொள்ள அவள் சென்டருக்கு வந்தாள்.

கூடவே மாமனாரும் வந்தார். அழைக்காமலே வந்தாராம். விசா வந்ததும் அவருக்கு மருமகள் ஞாபகம் வந்துவிட்டது. 'ஃபாரின் போற பொண்ணு மாமனார் வீட்ல இருந்துதான் கெளம்பணும், சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க' என்று இரண்டு நாளாகத் தாராவி வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். ஆட்டோவுக்குக்கூட அவரே காசு கொடுத்தார்.

ஹாலில் நல்ல கூட்டம். ஒரு நாற்காலி காலியில்லை. நான் சிடியைக் கவரில் போட்டு, மேலே இசக்கியின் பெயரையும் படத்தின் விவரத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன். மாமனார் கவுண்டரில் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அம்மா, கவர்மேல அந்த எழவு நோயோட பேர எழுதாதீங்க. வீட்ல விருந்தாளுக இருக்காங்க, எவனாவது எடுத்துப் பாப்பான். அப்படியே, இந்தப் பொண்ணுக்கு அந்த நோயே வந்ததில்லன்னு டாக்டரம்மாட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுங்க. நாலு பேருக்குக் காட்டணும்ல."

இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் என் வாய்க்கு வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். ஆனால் எனக்கு முன்னால் இசக்கி பேசிவிட்டாள்.

"வந்துச்சு மாமா. மாத்திர தின்னேன். போயிட்டு."

"மெதுவாப் பேசும்மா, எல்லாரும் பாக்காங்க."

இசக்கி திரும்பி ஹாலைப் பார்த்தாள். தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஹிந்திக்கு மாறினாள்.

"மேரேகோ டிபி தா. தவா காயா. டீக் ஹோ கயா. கிஸிகோ குச் பூச்னா ஹை?"

டிபி இருந்தது, மருந்து சாப்பிட்டேன், சரியாகிவிட்டது, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று. மூலையில் பர்தா போட்ட ஒரு வயசான பெண்மணி, "அச்சா கியா பேட்டி" என்றார், நல்ல காரியம் செய்தாய் மகளே என்று. மாமனார் வெளியே போய் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார். இசக்கி சிடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம், "வாரேன்க்கா" என்றாள். நின்ற ஆட்டோவைக் கடந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். ஏர்போர்ட்டுக்கு அவள் தாராவியிலிருந்துதான் கிளம்பினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்று உண்டு. அந்த நாட்டுச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சளி கேட்டார்கள், கொடுத்தோம், பார்த்தார்கள், விட்டார்கள். ஸ்பான்சர் புருஷன் என்றாலும் விண்ணப்பம் அந்தப் பெண்ணுடையது. அவள் நெஞ்சு, அவள் மாத்திரை, அவள் பாஸ்போர்ட். ஆனால் மாமனார் பேசினார், ஏஜென்ட் பேசினார், நாத்தனாரைப் பேச வைத்தார்கள். அவளைக் கீழே கரும்பு ஜூஸ் கடையில் நிறுத்திவிட்டு எல்லாரும் அவளுக்காக முடிவு எடுத்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாஸ்போர்ட்டை நீட்டுபவர் யாராக இருந்தாலும், முதலில் அதில் இருக்கும் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அந்தப் பெயருக்கு உரியவள் உள்ளே வரட்டும், கூட வந்தவர்கள் வெளியே உட்காரட்டும். கதவைச் சாத்திவிட்டு அவளிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும், அடுத்த ஆள் கத்தினாலும், காத்திருந்து அவள் வாயாலேயே கேளுங்கள்.